பார்ஜுக்கு வெள்ளை விளக்கு கிடையாது

என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் டக்கில் வேலை பார்த்தவர். டக் என்றால் இழுவைக் கப்பல். ஆள் சிறியது, எஞ்சின் மட்டும் பெரியது. சொந்தமாக ஓடத் தெரியாத பெரிய தட்டைப் படகுகளை, அவற்றைப் பார்ஜ் என்பார்கள், கம்பியில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் பிழைப்பு. அப்படிப் பன்னிரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு திரிந்த மனுஷன், மேட் வேலைக்கான, அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி வேலைக்கான, வாய்மொழித் தேர்வில் இரண்டு தரம் தோற்றார். இரண்டு தரமும் ஒரே கேள்வி. இழுக்கிற கப்பலிலும் இழுபடுகிற கப்பலிலும் இருட்டிய பிறகு என்னென்ன விளக்கு எரிய வேண்டும்?

கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. இரண்டாம் தரம் தோற்றுவிட்டுச் சென்னையிலிருந்து வந்தவர், இரணியல் ஸ்டேஷனில் ஆட்டோ பிடிக்காமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். வாசலில் வைத்தே, "டெய்லரு பட்டன் தைக்கத் தெரியாம தோத்தது மாதிரியில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்குக் கோபமும் கிண்டலும் நாக்கு நுனியிலேயே இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறவளுக்கு வேறு எங்கே இருக்கும்? ஆனாலும் அன்று சொன்னது தப்புதான்.

அந்தப் பரீட்சையை நம்பி எங்களுக்கு என்ன கிடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்கில் சாதாரண ஆளாக வேலை பார்க்கிறவனுக்குப் பதினொரு மாசம் கடல், ஒரு மாசம் வீடு. மேட் ஆகிவிட்டால் மூன்று மாசம் கடல், ஒன்றரை மாசம் வீடு. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. நெய்யூரில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் அம்மா இரண்டு பேருடைய காகிதங்களையும் பார்த்துவிட்டு, பெரிய குறை ஒன்றும் இல்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, "வருஷத்துக்கு ஒரு மாசம் வீட்டுல இருந்தா எப்படிம்மா?" என்று கேட்டார். எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அந்தக் கேள்வியோடுதான் நான் பஸ் ஏறி வந்தேன், அந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போனேன்.

மூன்றாம் தரம்தான் கடைசி என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இந்த லீவு முடிவதற்குள் சான்றிதழோடு வந்தால் மேட் இடம் அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. அவர் சம்பளமில்லாத லீவும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். தேர்வுக்கு இருபத்துநாலு நாள் இருந்தது. அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடப்பார், வாய் அசையும், கண் எங்கேயோ இருக்கும். நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் புத்தகத்தைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஓய்வு பீரியடில் உட்கார்ந்து படித்தேன். கன்னியாகுமரியில் பாறைக்குப் போகிற படகைத் தவிர வேறு எதிலும் கால் வைக்காதவள் நான். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு அந்த விதிகள் பிடித்துப்போயின. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கப்பலுக்கும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. தன் எஞ்சினால் ஓடுகிற கப்பலுக்கு இதோடு முன்னால் உயரத்தில் ஒரு வெள்ளை. இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது என்றால் அந்த வெள்ளை ஒன்று இரண்டாகும், ஒன்றின் மேல் ஒன்றாக. டக்கின் பின்முனையிலிருந்து இழுபடுவதன் கடைசி முனை வரைக்கும் இருநூறு மீட்டருக்கு மேல் போனால் மூன்றாகும். டக்கின் பின்னால் இருக்கிற வெள்ளைக்கு மேலே ஒரு மஞ்சள் விளக்கும் வேண்டும். இழுபடுகிற பார்ஜுக்கு சிவப்பு, பச்சை, பின்னால் வெள்ளை, அவ்வளவுதான். முன்னால் உயரத்தில் வெள்ளை கிடையாது, ஏனென்றால் அது தானாக ஓடுகிற கப்பல் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பீரியடில் புரியவைத்துவிடலாம். அப்படியிருக்க இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் சாயா கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்க எத்தன தரம் அந்த பல்ப மாத்தியிருப்பீங்க?"

"எண்ணிக்கையே இல்ல. மஸ்துக் கம்பத்து மேல ஏறி மாத்துகது நான்தான்."

"பின்ன?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாத்தத் தெரியும். ஆனா நான் நிக்கது டக்குக்குள்ளயில்லா. எனக்க டக்கு எதுத்தாப்புல தூரத்துல இருந்து பாத்தா எப்படி இருக்கும்ணு நான் பாத்ததே இல்ல. பரிச்சையில கேக்கது அதாக்கும். இருட்டுல எதுத்தாப்புல இப்படித் தெரியுது, அது என்னதுண்ணு."

எனக்கு அது சுரீரென்று பட்டது. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவனுக்குத் தன் வீட்டுக் கூரை எப்படி இருக்கிறது என்று தெரியாதுதானே. சரி, வெளியே நிற்க வைத்துக் காட்டினால் போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. வடசேரிக்குப் போய் ஒரு எலெக்ட்ரிக் கடையில் ஜீரோ வாட் பல்பு வாங்கினேன். வெள்ளை ஐந்து, சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு, மஞ்சள் ஒன்று. ஹோல்டரும் வயரும் வாங்கினேன். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே, "டீச்சர் வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். "ஆமா, ஒரு கப்பல் வருது" என்றேன்.

வீட்டைச் சுற்றிய எங்கள் விளையில் கிணற்றுப் பக்கம் இரண்டு தென்னை, வடக்கு மூலையில் இரண்டு தென்னை, இடையில் துணி காயப்போடுகிற கொடி. கிணற்றுப் பக்கத்தை டக் என்று வைத்துக்கொண்டேன், வடக்கு மூலையைப் பார்ஜ் என்று. துணிக்கொடிதான் இழுக்கிற கம்பி. மூங்கில் கழியை நட்டு மூன்று வெள்ளையை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டினேன். சிவப்பும் பச்சையும் எல்லாப் பக்கமும் தெரியக் கூடாது, முன்னாலும் தன் பக்கத்திலும் மட்டும்தான் தெரிய வேண்டும். அதற்குப் பால்பவுடர் டின்களைப் பாதியாக வெட்டி மறைப்பு வைத்தேன். வெட்டும்போது கை கிழிந்தது. அவர் துணி எடுத்துக் கட்டிவிட்டு, "இதுக்குப் பேசாம நான் டெக்குலயே இருந்துருக்கலாம்" என்றார். "பேசாம டின்னப் பிடியுங்க" என்றேன்.

பொழுது சாய்ந்து, பள்ளிவாசல் பாங்கும் கோயில் ஸ்பீக்கரும் ஓய்ந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டேன். நன்றாக இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம்முடைய விளைதானா என்று இருந்தது. அவரைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். மூன்று வெள்ளை, கீழே ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. அப்படியே சுற்றி நடந்தார். பக்கத்தில் வந்ததும் ஒரு நிறம் மறைந்தது. பின்னால் போனதும் மூன்று வெள்ளையும் போய், வெள்ளைக்கு மேல் மஞ்சள் மட்டும் நின்றது. அதற்காக முன் மூன்றுக்கும் பின்னால் நான் அட்டை கட்டியிருந்தேன். அவர் திரும்பவும் முன்னால் போனார், திரும்பவும் பின்னால் போனார். "ஏட்டி, இப்படியா இருக்கும்?" என்றார். பன்னிரண்டு வருஷம் தான் குடியிருந்த வீட்டை முதல் தடவையாகத் தெருவில் நின்று பார்க்கிறவர் மாதிரி இருந்தது முகம்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். அவர் வீட்டுக்காரருக்கு இரணியலில் பலசரக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு அய்யாவழிக் கோயிலான பதிக்குப் போகிறவர்கள்.

"என்ன டீச்சர், ஆவணியிலயே கிறிஸ்மஸ் வந்தாச்சா ஒங்களுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிட்டார். சீரியலை விட இது நல்லா இருக்கு என்றார். ஒரு வாரத்துக்குள் அவருக்கு எல்லாம் மனப்பாடம். நான் கேள்வி கேட்பேன், இவர் தயங்கினால் அந்தப் பக்கமிருந்து, "மஞ்சள விட்டுட்டீங்களே தம்பி" என்று குரல் வரும். நான் சுவிட்சுகளை மாற்றி மாற்றிப் போடுவேன். இரண்டு வெள்ளை போட்டால் அவர் "இருநூறு மீட்டருக்கு உள்ள" என்பார். பகலில் என்ன அடையாளம் என்றால் "நல்லாத் தெரியுக எடத்துல கறுப்பு டைமண்டு, டக்குலயும் பார்ஜுலயும், இருநூறுக்கு மேலண்ணா மட்டும்" என்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இந்த வயதில் நினைத்துப் பார்த்தால், கல்யாணமான புதிதில் கூட நாங்கள் அப்படிச் சேர்ந்தாற்போல் பேசிச் சிரித்தது கிடையாது. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் மணி எப்போது நாலாகும் என்று இருக்கும். அந்த இருபது நாளைத் திரும்பக் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், பென்ஷனை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஆனால் ஒரு இடத்தில் வண்டி நின்றது. டக்கைப் பற்றி எப்படிக் கேட்டாலும் சொல்லிவிடுகிறவர், பார்ஜ் என்றதும் தடுமாறுவார்.

"பார்ஜுக்கு என்ன?"

"செவப்பு, பச்ச, பின்னால வெள்ள... பின்ன, மேல ஒரு வெள்ள."

"மேல வெள்ள கிடையாது."

"ஆமா, கிடையாது."

பத்து நிமிஷம் கழித்து வேறு மாதிரிக் கேட்டால் மறுபடியும் "மேல ஒரு வெள்ள" வரும். வாய் தானாகச் சொல்லும், சொன்ன பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். இரண்டு தரம் தோற்றதும் இதிலேதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுதும்போது சரியாக எழுதுவார். பார்ஜின் எதிரே நிற்க வைத்துக் கேட்டால் போயிற்று. ஒருநாள், பார்ஜ் பக்கத்தில் சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்போது, "இது சரியில்ல, இதுல என்னமோ குறையுது" என்றார். பக்கத்து வீட்டு அக்கா கூடப் பொறுமை இழந்து, "பார்ஜுக்கு மேல வெள்ள கிடையாது தம்பி, கிடையாது" என்றார்.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தபோது எனக்குப் பொறுமை போயிற்று. அன்று பள்ளிக்கூடத்தில் வேறு ஏதோ எரிச்சல். அக்காவும் அன்று வரவில்லை. மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் வெள்ளை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனேன். பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் போன கிறிஸ்மஸ் ஸ்டார் மடக்கி வைத்திருந்தது. வெள்ளைக் காகித ஸ்டார், ஐந்து முனை. அதை விரித்து, உள்ளே ஒரு வெள்ளைப் பல்பை மாட்டி, பார்ஜின் மூங்கிலில் உச்சியில் தொங்கவிட்டேன்.

"இந்தாருங்க, ஒங்க வெள்ள. இப்போ சந்தோஷமா?"

சொல்லிவிட்டுத் திரும்பினால் அவர் முகம் வெளுத்திருந்தது. நடந்து போய்க் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நெஞ்சுவலியோ என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"அத அணை முதல்ல" என்றார்.

அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன நீ ஒரு ஸ்டார் குடுத்துவிட்டேல்லா, லீவுக்கு வந்துட்டுப் போன ஆளுகிட்ட?"

கொடுத்துவிட்டிருந்தேன். இதே மாதிரி வெள்ளைக் காகித ஸ்டார், பழைய புடவையில் சுற்றி. கிறிஸ்மஸுக்கு ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஸ்டார் எரியும்போது இவர் கண்ணில் கடலைத் தவிர ஒன்றும் இருக்காதே என்று மனசு கேட்கவில்லை. பிறகு போனில் கேட்டபோது, காற்றில் கிழிந்துவிட்டது என்றார்.

"கிழியல்ல" என்றார். "அந்த டிசம்பர்ல என்ன பார்ஜுல போட்டிருந்தாங்க. வெளக்கு, பம்பு பாத்துக்கதுக்கு. நானும் பின்ன ரெண்டு பேரும். முன்னால முந்நூறு மீட்டர் தள்ளி டக்கு போவுது. பார்ஜுல ஒரு கம்பம் நின்னுது. பொழுது சாயுற நேரம், நான் ஸ்டார விரிச்சு, பல்பு போட்டு, கம்பத்துக்க உச்சியில கட்டினேன். கீழ நின்னு பாத்தேன். நம்ம வீட்டு வாசல்ல நிக்க மாதிரி இருந்துது. அழுகையா வந்துது எனக்கு."

"பின்ன?"

"அரை மணிக்கூர் இருக்கும். பக்கவாட்டுல இருந்து ஒரு மீன்பிடி போட் வந்துது. டக்குக்கும் பார்ஜுக்கும் நடுவுல விட்டு வருது. இவனுக்கென்ன பைத்தியமாண்ணு நெனச்சேன். நடுவுல கம்பி கெடக்கு, தண்ணிக்கடியில. பொறவுதான் தலையில அடிச்ச மாதிரி இருந்துது. மேல வெள்ள, கீழ பச்ச. அவன் கண்ணுக்கு இது பார்ஜே இல்ல. தானா ஓடுற வேற ஒரு கப்பலு, டக்கு இழுக்கது இத இல்லண்ணு தோணியிருக்கும். ரெண்டு கப்பலு முன்னயும் பின்னயும் போவுது, நடுவுல வழி கெடக்குண்ணு நெனச்சு வாறான்."

அவர் கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பார்ஜின் முனைக்கு ஓடியிருக்கிறார். கம்பி போகிற தடத்தில் தண்ணீர் மேல் வெளிச்சத்தை அடித்துக் கத்தியிருக்கிறார். டக்கிலிருந்தும் ஹாரன் அடித்து, பெரிய விளக்கைக் கம்பியின் மேல் திருப்பியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் போட் ஒடித்துத் திரும்பி, பார்ஜின் பக்கவாட்டில் உரசுகிற மாதிரி போயிற்றாம்.

"அதுல ஒருத்தன் சாயா கிளாச கையில வச்சிட்டு நின்னான். அவனுக்க மொகம் எனக்கு இப்பவும் தெரியும். என்ன நடந்துதுண்ணே அவனுக்குத் தெரியாது."

"ஸ்டார்?"

"பிடுங்கிக் கடல்ல எறிஞ்சேன். டக்குல ஒருத்தரும் அத சரியாப் பாக்கல்ல, பார்ஜுல ஏதோ வேல வெளக்குண்ணு நெனச்சிருப்பாங்க. ரேடியோவுல அந்த போட்டுக்காரன வாயில வந்ததெல்லாம் ஏசினாங்க. அவனுக்க கவனக்குறைவுண்ணு எழுதியும் வச்சாங்க. நான் கேட்டுட்டே நின்னேன். ஒண்ணும் பேசல்ல."

எதிரே சிவப்பும் பச்சையும் எரிந்துகொண்டிருந்தன. நான் அனுப்பிய ஸ்டார். ஆசையாக மடித்துப் புடவையில் சுற்றி அனுப்பினேன்.

"பார்ஜுண்ணு யாராவது கேட்டா எனக்கு அந்த பார்ஜுதான் கண்ணுக்கு முன்ன வருது" என்றார். "மேல வெள்ளையோட. வாய் அதச் சொல்லுது, நான் என்ன செய்ய?"

"யாரும் சாவல்லல்லா" என்றேன்.

"செத்திருந்தா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு நாள் இருக்கிறது என்பது மட்டும்தான். "யாருகிட்டயும் இத சொல்லாண்டாம். முடிஞ்சு போன காரியம். பரிச்ச முடியட்டும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்படித் தலையாட்டினால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம், அது எனக்கு ஏழு வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் சொன்னதில் ஏதோ அடைப்பு விட்டது போலும். மறுநாள் அவரே சுவிட்சைப் போட்டுவிட்டு நேராகப் பார்ஜின் எதிரே போய் நின்றார். செவப்பு, பச்ச, பின்னால வெள்ள, மேல கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். ஐந்து நாளும் ஒரு தரம் கூடத் தப்பவில்லை. ஸ்டேஷனில் ரயிலேற்றி விடும்போது நான் ஜன்னல் வழியாகக் கடைசியாகவும் கேட்டேன். சரியாகச் சொன்னார். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தேர்வு அன்று நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் மணி இரண்டரைக்குப் போன் வந்தது. ஸ்டாஃப் ரூமிலிருந்து வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடினேன்.

"பாஸா?"

"முதல்ல கேளு" என்றார்.

தேர்வு எடுத்தவர் ஒரு பழைய கேப்டனாம். மேஜை மேல் கறுப்புப் பலகையில் வண்ணப் பொத்தான்களை வைத்துக் கேட்டிருக்கிறார். இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பார்ஜையும் சேர்த்து. கேப்டன் பேனாவை எடுத்துக்கொண்டே, போகிற போக்கில், "இழுபடும் கப்பலுக்கு மேலே வெள்ளை போட்டால்தான் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் சொல்லிட்டேன்" என்றார்.

"என்னத்த?"

"எல்லாத்தையும். ஸ்டார், போட், சாயா கிளாசு, எல்லாத்தையும்."

எனக்கு வந்த கோபத்தில் போனை எறிந்திருப்பேன். டாக்டர் அம்மா மேஜையில் வைத்த கண்ணாடி கண் முன்னால் வந்தது. "ஒங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? பாஸ் போட வந்த ஆளுகிட்டயா போய்..." என்று ஆரம்பித்துவிட்டேன். வராந்தாவில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நான் முடிக்கும் வரைக்கும் பொறுமையாக இருந்தார்.

"பொறவு அவரு பேனாவ கீழ வச்சிட்டாரு" என்றார். "நாளைக்கு நீ மேட், உனக்க ஆளு ஒருத்தன் பார்ஜுல ஸ்டார் கட்டுகான், என்ன செய்வேண்ணு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கழத்தச் சொல்லுவேன் சார். ஆனா அவன ஏசமாட்டேன். பார்ஜுல ஒரு சின்ன கேபின் உண்டு, சன்னல மூடிட்டு அதுக்குள்ள கட்டிக்க, எனக்கும் ஒரு வாய் கேக்கு வையிண்ணு சொல்லுவேன். இப்படித்தான் சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"சிரிக்கல்ல. கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாரு."

நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மேட் ஆனார். மூன்று மாசத்துக்கு ஒரு தரம் வந்தார். ஒன்றரை மாசம் வீட்டில் இருந்தார். வாசல் பல்பு எரிகிறதா, பால் பொங்கிவிட்டதா என்று குறுக்கே குறுக்கே வந்து நின்று என் உயிரை எடுத்தார். விளையில் வாழை வைத்தார், பக்கத்து வீட்டு அக்காவோடு மதிலருகே நின்று ஊர்க்கதை பேசினார், நான் திருத்துகிற பரீட்சைத் தாள்களில் மார்க்குக் கூட்டித் தந்தார், அதிலும் தப்பு விட்டார். ஒவ்வொரு தரம் அவர் வரும்போதும் நாங்கள் நெய்யூருக்குப் போனோம். மருந்து, ஊசி, மறுபடியும் பரிசோதனை. மூன்று வருஷம் போனோம். சர்ச்சில் பெண்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கேட்டதை விட அது கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் முடிகிறபோது டாக்டர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இனிமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று நயமாகச் சொன்னார். நல்ல மனுஷி, சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் எங்களுக்கு இரண்டு பேர் இருக்கை கிடைத்தது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பிறகு என்னை அறியாமலே வாயில் வந்தது.

"அவ்வளவு பாடுபட்டுப் படிச்சீங்க. எல்லாம் வீணாப் போச்சே."

"எது வீணாப் போச்சு?"

"பரிச்சதான். எதுக்குப் படிச்சோமோ அது நடக்கல்லியே."

அவர் என் பக்கம் திரும்பினார். உண்மையாகவே ஒன்றும் புரியாதவர் மாதிரிப் பார்த்தார்.

"ஏட்டி, நீ பிள்ளைக்குண்ணு நெனச்சு என்னப் படிக்க வச்சே. அது எனக்குத் தெரியும். நான் அதுக்கா படிச்சேன்? பதினொரு மாசம் உன்னப் பாக்காம இருக்க எனக்கு முடியல்ல. அதுக்காக்கும் படிச்சேன்."

பத்து வருஷத்தில் அவர் அப்படி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, கண்டக்டர் மீதி தரவில்லை என்று எழுந்து முன்னால் போய்விட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இரணியல் வரும் வரைக்கும் அழுதேன். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளை இல்லாமல் போனதற்காகத்தான் அன்றைக்கு அழுதேன் என்று அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.